காதை இழுக்கும் கை

கைக்குழந்தை காதைப் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் பயப்பட எதுவும் இல்லை. பதற்றத்தில் பெரியவர்கள் செய்யும் வைத்தியம்தான் சில சமயம் ஆபத்தாகிறது.

ஏழு மாதக் குழந்தை. தூங்கப்போகும் நேரத்தில் வலது காதைப் பிடித்து இழுக்கிறது. சற்று நேரம் கழித்து மறுபடியும். சென்னையாக இருந்தால் பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சத் தொடங்குவார். லக்னோவில் கடுகெண்ணெயில் பூண்டு பொரியும். கேரளத்தில் தேங்காயெண்ணெய். ஊருக்கு ஊர் எண்ணெய்தான் மாறுகிறது. அது போய்ச் சேரும் இடம் குழந்தையின் காதுதான்.

ஆனால் காதை இழுக்கும் எல்லாக் குழந்தைக்கும் காதுவலி இல்லை. காய்ச்சலோ சளியோ இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டுச் சிரித்து விளையாடும் குழந்தை காதை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் அதற்குக் காரணம் தொற்றாக இருப்பது அபூர்வம்.

நான்கு, ஐந்து மாதத்தில்தான் குழந்தைக்குக் கை சொன்னபடி கேட்கத் தொடங்குகிறது. கால் கட்டைவிரலைக் கண்டுபிடித்து வாயில் வைத்துக்கொள்வதைப் போலவே, தலையின் இரு பக்கமும் பிடிக்க வாகாக ஏதோ இருப்பதையும் அது கண்டுபிடிக்கிறது. சில குழந்தைகளுக்குத் தூக்கம் வந்தால் காது வேண்டும். பல் முளைக்கும்போது ஈறின் வலி காதுவரை பரவுவது போலத் தோன்றுவதும் உண்டு; தாடைக்கும் காதுப் பகுதிக்கும் செல்லும் நரம்பு பொதுவானது. காதுக்குப் பின்னால் பாலும் வியர்வையும் தேங்கித் தோல் புண்ணாகியிருக்கலாம். இந்தியக் குழந்தைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: காது குத்திய இடம் ஆறாமல் இருப்பது, அல்லது கம்மலின் உலோகம் ஒவ்வாமல் அரிப்பெடுப்பது. மடலைத் திருப்பிப் பார்த்தாலே இவை தெரிந்துவிடும்.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? பெரும்பாலும் சளியில்தான் தொடங்குகிறது. நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் பெரியவர்களுக்குச் சரிவாக அமைந்திருக்கிறது. கைக்குழந்தைக்கு அது குட்டையாகவும் ஏறத்தாழ படுக்கைவாட்டிலும் இருக்கிறது. சளி பிடித்தால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. அதில் கிருமி பெருகுகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை நடுச்செவித் தொற்று அதிகமாக வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சளி பிடித்த சில நாட்களில் காய்ச்சல். நள்ளிரவில் வீரிட்டு அழுகை. படுக்க வைத்தால் அழுகை அதிகமாகி, தோளில் போட்டால் சற்று அடங்குவது. பாலைச் சில வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது. இவற்றோடு காதையும் இழுத்தால் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கத்தான் வேண்டும். 'பல் முளைக்கிறது, அதனால்தான் காய்ச்சல்' என்று விட்டுவிடுவது தவறு. பல் முளைப்பதால் கடும் காய்ச்சல் வருவதில்லை.

சில நிலைகளில் காத்திருக்கவே கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம், சிவப்பு, காது மடல் முன்னே தள்ளி நிற்பது, கழுத்து விறைப்பு, விடாத வாந்தி, எழுப்பினாலும் சுறுசுறுப்பில்லாமல் கிடப்பது. இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை.

பல குடும்பங்கள் ஏமாறுவது சீழ் விஷயத்தில். இரவெல்லாம் அழுத குழந்தை விடியற்காலையில் அமைதியாகத் தூங்குகிறது. தலையணையில் மஞ்சள் கறை. செவிப்பறையில் துளை விழுந்து சீழ் வெளியேறியதால் அழுத்தம் குறைந்து வலியும் குறைந்திருக்கிறது. இதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இப்போதுதான் டாக்டரைப் பார்ப்பது கட்டாயம். சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் துளை தானாக மூடிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தால் அது நாள்பட்ட நோயாகிறது.

டாக்டரைப் பார்க்கும்வரை பெற்றோர் செய்யக்கூடியது வலியைக் குறைப்பது. அதற்குப் பாரசிட்டமால் போதும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்குக் கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதாவது எட்டு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு நடுவே ஆறு மணி நேர இடைவெளி நல்லது. பாட்டிலைப் படித்துவிட்டு அளக்க வேண்டும். சிரப்பில் பொதுவாக 5 மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஒரு ஸ்பூன் கொடுத்தால் அளவு பல மடங்காகிவிடும்.

காதுக்குள் எதையும் ஊற்றக் கூடாது. செவிப்பறையில் துளை இருந்தால் எண்ணெய் நேரே நடுச்செவிக்குப் போகும். சூடு அதிகமானால் தோல் வெந்துபோகும். தாய்ப்பால் விடுவதும் கூடாது; அது குழந்தை குடிப்பதற்கானது. பட்ஸ், ஹேர்பின், தெருவில் காது குடைபவரின் ஊசி எதுவும் வேண்டாம். குறும்பி அழுக்கு அல்ல, காதின் காவல். அது தானாகவே வெளியே வரும். சீழ் வடிந்தால் சுத்தமான பருத்தித் துணியைத் திரியாகச் சுருட்டி, காதின் வாயில் வைத்து, ஊறியதும் எடுத்துவிட்டு வேறு திரி வைக்கலாம். காது உலரும்வரை தினமும் மூன்று முறையாவது. பஞ்சை அடைத்து வைப்பது தவறு.

மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் ஆபத்தே. பல தொற்றுகள் இரண்டு மூன்று நாளில் தாமாகவே தணிகின்றன. ஆறு மாதத்துக்குட்பட்டவர்கள், சீழ் வடிபவர்கள், கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோருக்கு அது அவசியம். யாருக்கு, எத்தனை நாள் என்பதைக் காதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

இவ்வளவு கவனம் எதற்கு? தொற்று அடங்கிய பிறகும் சில வாரங்கள் நடுச்செவியில் நீர் தங்கலாம். அதுவரை குழந்தைக்கு ஒலி மங்கலாகத்தான் கேட்கும். மூன்று மாதம் ஆகியும் நீர் வற்றாவிட்டால், அல்லது தொற்று திரும்பத் திரும்ப வந்தால், பேச்சைக் கற்க வேண்டிய பருவத்தில் பேச்சே சரியாக விழாது. சத்தம் வந்த பக்கம் திரும்பாத, மழலை குறைந்துபோன குழந்தைக்குச் செவித்திறன் சோதனை தேவை. மைசூரில் 1965ல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. மத்திய அரசு 2013ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்திலும் காது கேளாமை சேர்க்கப்பட்டிருக்கிறது.

தடுக்கும் வழிகள் எளியவை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். புட்டிப்பால் தவிர்க்க முடியாவிட்டால் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுப்பது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை இல்லாமல் பார்த்துக்கொள்வது. காதுத் தொற்றுக் கிருமிகளில் முக்கியமான நியுமோகாக்கஸுக்கான தடுப்பூசி 2017ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021ல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை, இலவசம்.

அந்த ஏழு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறது, கூப்பிட்டால் திரும்பிச் சிரிக்கிறது என்றால், பாட்டி எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கிவிடலாம். குழந்தைக்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.