கல்லுக்குள் கடல்

காய்ந்து கிடந்தால் வெறும் சாம்பல் நிறக் கூழாங்கல். தண்ணீர் பட்டதும் தேனடை போல அறுகோணங்கள் தெரிகின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் கிடைக்கும் பெட்டோஸ்கி கல், 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கிருந்த வெதுவெதுப்பான கடலில் வளர்ந்த பவளத்தின் புதைபடிவம். 1965ல் அதை மிச்சிகனின் மாநிலக் கல்லாகவே அறிவித்துவிட்டார்கள்.

இதை மெருகேற்றுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. சுண்ணாம்புக்கல் என்பதால் மென்மை அதிகம். சின்னக் கல்லுக்கு இயந்திரமே வேண்டாம். 220, 400, 600 என்று உப்புத்தாள்களை வரிசையாக மாற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியில் மெருகுப் பொடியும் வெல்வெட் துணியும். அவசரப்பட்டு ஒரு தாளைத் தாண்டினால் கீறல் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் ஆசைக்கு அளவு உண்டு. அரசு நிலத்திலிருந்து ஒருவர் ஆண்டுக்கு 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோதான் எடுக்கலாம். ஏரியிலிருந்து ஒருவர் தூக்கி வந்த 93 பவுண்டு கல்லை 2015ல் அரசு பறிமுதல் செய்தது. பிறகு அது டெட்ராய்ட் நகரில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

அந்தக் கடலும் இல்லை, அந்தப் பவளமும் இனி வளரப்போவதில்லை. மெருகேற்ற உள்ளங்கையில் அடங்கும் கல்லே போதும்; மற்றது கரையிலேயே கிடக்கட்டும் என்பதுதான் சட்டத்தின் கணக்கு.