'கிளிக்' என்றால் நிறுத்துங்கள்!



செலாயாங்கில் குடியிருப்பவர்களுக்கு டயர் கடைச் சத்தம் பழகிப்போன ஒன்று. மொத்தச் சந்தைக்கு வரும் காய்கறி லோரிகள், ஜாலான் ஈப்போவில் ஓயாமல் ஓடும் கார்கள் எல்லாவற்றுக்கும் டயர் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். "டர்ர்ர்... டக் டக் டக்" என்று காற்றில் இயங்கும் 'இம்பேக்ட் கன்' வீல் நட்டை முடுக்கும் ஒலி காலை முதல் மாலை வரை கேட்கும்.

வானொலியில் வேலை செய்வதால் ஒலிகளைக் கவனிப்பது எனக்குப் பழக்கம். அந்த "டர்ர்ர்" ஓய்ந்த பிறகு, இன்னொரு சின்ன ஒலி வரவேண்டும். "கிளிக்!" சில கடைகளில் அது வரும். பல கடைகளில் வருவதில்லை. நாமும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பி விடுகிறோம்.

அந்தக் 'கிளிக்' டார்க் ரெஞ்ச் என்ற கருவியின் குரல். பார்க்க நீளமான ஸ்பேனர் போல இருக்கும். நாம் குறித்து வைத்த அளவுக்கு நட்டு இறுகியதும், "போதும்" என்று சொல்லும். 1918-இல் நியூயார்க் நகரத் தண்ணீர் இலாகாவில் பணியாற்றிய கோன்ராட் பார் என்பவர் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். குழாய் போல்ட்டுகளை ஊழியர்கள் அளவுக்கு மீறி இறுக்கியதுதான் அவருக்கு இருந்த தலைவலி. இன்று விமான இயந்திரம், துப்பாக்கிக் குழல், பந்தய சைக்கிள் என்று எதைப் பொருத்தினாலும் இந்தக் கருவிக்கு அங்கே இடம் உண்டு.

"நல்லா டைட்டா போடுங்க அண்ணே" என்பதுதான் டயர் கடையில் நாம் வழக்கமாகச் சொல்வது. அக்கறையோடுதான் சொல்கிறோம். ஆனால் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது நட்டு மட்டும் அல்ல. நட்டை முடுக்கும்போது உள்ளே இருக்கும் போல்ட், ரப்பர் வளையம் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசையே சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிறது. குறைவாக இறுக்கினால் பிடி இருக்காது. சக்கரம் நுணுக்கமாக அசைய அசைய நட்டு தளரும். அளவுக்கு மீறினால் போல்ட் நீண்டது நீண்டதுதான். பழைய நிலைக்குத் திரும்பாது. பிறகு ஒருநாள் முறியலாம். பிரேக் டிஸ்க்கும் கோணலாகலாம். நடு ராத்திரியில் டயர் பஞ்சரானால், காரில் இருக்கும் சின்ன ஸ்பேனரால் நட்டைக் கழற்றவே முடியாமல் போகும்.

சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. 2024 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோ அருகே ஒரு லோரியின் சக்கரம் கழன்று சாலையில் கிடந்தது. சுற்றுலாப் பேருந்து ஒன்று அதில் மோதித் தடுமாறி எதிர்த்தடத்துக்குப் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். பள்ளி விடுமுறைக் காலம் அது. அந்த லோரியில் இருந்தவர்களைவிட, அதைப் பார்த்தே இராத குடும்பங்களுக்குத்தான் பெரிய இழப்பு. நம் காரின் சக்கரமும் நம்மோடு மட்டும் முடிந்துபோகிற விஷயம் இல்லை.

சரி, முறை என்ன? முதலில் அளவு. காரோடு வந்த கையேட்டில் அது இருக்கும். மைவி போன்ற சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை கிட்டத்தட்ட அதுதான். பெரிய லோரிகளுக்கு இது பல மடங்கு. பக்கத்து வீட்டுக் காரின் அளவை நம் காருக்கு வைக்கக்கூடாது.

நட்டுகளை முதலில் கையால் திருகுங்கள். பிறகு ஸ்பேனரால் லேசாக முடுக்குங்கள். ஒன்றை அடுத்து பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிர்ப்பக்கத்துக்குத் தாவவேண்டும், நட்சத்திரம் வரைவது போல. அப்போதுதான் சக்கரம் சாயாமல் சமமாக உட்காரும். டயர் தரையைத் தொடும்வரை ஜேக்கை இறக்கிவிட்டு டார்க் ரெஞ்ச்சை எடுங்கள். கைப்பிடியைப் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல், நிதானமாக இழுங்கள். 'கிளிக்' கேட்டதும் நிறுத்துங்கள். "இன்னொரு தடவை போட்டால் நல்லது" என்று மறுபடி இழுத்தால் அளவு கூடிவிடும்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் தேவை. நாம் போடும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மிச்சமெல்லாம் உராய்வுக்கே போகிறது. துரு பிடிக்கிறதே என்று மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே 'கிளிக்'கில் போல்ட் கூடுதலாக நீண்டுவிடும். கையேடு சொல்லாதவரை மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும்.

டார்க் ரெஞ்ச்சால் நட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பிப் பெட்டியில் வையுங்கள். கீழே விழுந்திருந்தால் சோதித்துப் பார்க்காமல் நம்பவேண்டாம். கடைக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அளவு சரிபார்ப்பது நல்லது.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. கேட்கத் தெரிந்தால் போதும். அடுத்த முறை டயர் மாற்றும்போது, "அண்ணே, கடைசியா டார்க் ரெஞ்ச் போட்டுடுங்க, அளவு இவ்வளவு" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்பச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது ஸ்டேரிங் புதிதாக அதிர்ந்தாலோ, மெதுவாகப் போகையில் "டொக் டொக்" என்று கேட்டாலோ, வானொலியின் ஒலியைக் கூட்டாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி நட்டைப் பாருங்கள்.

தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ ஊருக்குக் கிளம்பும்போது பலகாரம், புதுத்துணி, டச் அண்ட் கோ பாக்கி என்று பட்டியல் போடுவோம். அதில் ஐந்து நிமிட வேலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நான்கு சக்கரங்கள், ஒவ்வொரு நட்டுக்கும் ஒரே ஒரு 'கிளிக்'.