நன்றாக விழாத படங்கள்

வீட்டில் ஒரு சாவு விழுந்தால், பந்தல்காரருக்குச் சொல்லி அனுப்பிய கையோடு நாம் செய்யும் அடுத்த வேலை படம் தேடுவது. மாலை போட ஒரு படம் வேண்டும், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு ஒரு படம் வேண்டும். பீரோவின் அடித்தட்டைக் கலைக்கிறோம். செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோம். கடைசியில் அகப்படுவது ஆதார் அட்டை, இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் கல்யாண குரூப் போட்டோவின் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கும் முகம். ஸ்டுடியோக்காரர் அதை வெட்டியெடுத்து, தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழித்து, பின்னால் நீலம் பூசி, தேவைப்பட்டால் ஒரு பட்டுப்புடவையும் கட்டிவிட்டுத் தருவார். காலமெல்லாம் நமக்குச் சோறு போட்டவளின் படம் அது. "இது பாட்டி மாதிரியே இல்லையே" என்று பேரப்பிள்ளை சொல்லும்போது நாம் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

கேமரா இல்லாததால் வந்த குறை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எல்லா வீட்டிலும் இல்லை என்றாலும் தெருவுக்கு ஒன்று இருந்தது. ஒரு ரோலில் 12 சதுரப் படம் விழும் அக்ஃபா கிளிக் 3, பிறகு 36 படம் விழும் யாஷிகா, கோடக் கேபி 10. இரவல் வாங்கியாவது எடுத்தோம். வரிசையாக நிற்கவைத்து எடுத்த படங்களுக்கு நடுவே, நாம் கேட்காமலே சில படங்களும் அந்த ரோலில் விழுந்தன. எல்லோரும் தயாராவதற்குள் விரல் பட்டு விழுந்தவை, கழுவக் கொடுக்கும் முன் மிச்ச ஃபிரேமைத் தீர்த்துவிடலாம் என்று கண்டபடி அமுக்கியவை. அடுப்படியில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா திரும்பிப் பார்க்கிறாள். அப்பா பனியனோடு ஈஸி சேரில் வாய் பிளந்து தூங்குகிறார். அத்தைகள் இரண்டு பேர் எதற்கோ சிரித்து ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள்.

இவற்றை என்ன செய்தோம்? ஸ்டுடியோவில் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நல்லா விழுந்தத மட்டும் பிரிண்ட் போடுங்கண்ணே" என்றோம். கண் மூடியிருக்கிறது, தலை வாரவில்லை, பின்னால் கொடியில் துணி தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்தோம். ஒரு பிரிண்டுக்கு ஆகும் காசு அன்று பெரிய காசுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் காசு மட்டும் காரணமாக இருந்திருந்தால், டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்ற படத்தை மூன்று பிரதி போட்டு உறவுக்காரர்களுக்கு அனுப்பியிருக்க மாட்டோம். நம் வீடு இருந்த விதம் நமக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவை அம்மாவாகப் பார்க்கவே கூசினோம். "சேலை மாத்திட்டு வந்து நில்லும்மா" என்று எத்தனை பேர் சொல்லியிருப்போம். அவள் மாற்றிக்கொண்டு வந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். ஆல்பத்தில் இருப்பவள் அவள்தான்.

சரி, கழித்ததைத்தான் கழித்தோம், ஒட்டியதையாவது காப்பாற்றினோமா? ஒட்டும் தாளும் மேலே கண்ணாடித் தாளுமாக வந்த ஆல்பத்தைப் பெரிய வசதி என்று வாங்கினோம். அந்தப் பசையே நாளாவட்டத்தில் படத்தைக் கறையாக்கியது. சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டவைத்து மாட்டினோம். மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, பிய்த்தெடுத்தபோது முகம் கண்ணாடியோடு போயிற்று. பின்பக்கம் ஒரு பென்சிலால் பெயரும் வருஷமும் எழுத அரை நிமிஷம் ஆகியிருக்காது. எழுதவில்லை. யார் யார் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை, எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

நெகட்டிவ்களின் கதை இன்னும் மோசம். பலர் வாங்கிக்கொண்டே வரவில்லை. வாங்கியவர்கள் கவரோடு எங்கேயோ போட்டார்கள். ஸ்டுடியோக்காரரும் எத்தனை காலம் வைத்திருப்பார்? இடத்துக்கு வாடகை உண்டே. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உருவமாகப் படிந்திருப்பது வெள்ளி. அந்த வெள்ளிக்காகவே எடைக்கு வாங்கிப்போக ஆள் இருந்தது. அதற்கு முந்தைய கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவி வெறும் கண்ணாடியாக்கி விற்றார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களில் மிஞ்சியதைத் தேடிப்போய்ப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். அப்படித் தேடி எடுக்கப்படும் பழைய படங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் யாருடைய கொள்ளுத் தாத்தா, யாருடைய பாட்டி என்று சொல்ல வேண்டியவர்கள் நாம். நமக்குத் தெரியவில்லை.

இப்போது ஃபிலிம் செலவு கிடையாது, கழுவும் செலவு கிடையாது. திருந்தினோமா என்றால், கேண்டிட் என்று ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கக் கற்றுக்கொண்டோம். கல்யாணத்துக்கு டிரடிஷனலுக்கு ஒரு டீம், கேண்டிடுக்கு ஒரு டீம். "அண்ணா, கேமராவப் பாக்காதீங்க, அவங்களப் பாத்து சிரிங்க. இன்னொரு தடவ." அந்தத் தம்பிகளைக் குறை சொல்லவில்லை. யாரோ ஒருவரின் ரீல்ஸைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்டது நாம். அவர்களில் கெட்டிக்காரர்கள், நாம் கேட்காத படங்களையும் எடுத்துத்தான் தருகிறார்கள்: தாலி ஏறும்போது மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்க்கும் அண்ணன், பந்தியில் பேரனுக்கு அப்பளம் நொறுக்கிப் போடும் தாத்தா. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொல்லி அவர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்கும்போது, நாம் தேடுவது நம்மை. நாம் அழகாகத் தெரியும் படங்களைக் குறித்துக் கொடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். பழைய கவருக்கு ஆன கதிதான் அதற்கும்.

ரமண மகரிஷி மறைந்த 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் கையில் இருந்தது சின்ன லைக்கா கேமரா. பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மறைத்திருப்பார், ஃபிளாஷ் போடமாட்டார். யாரையும் நில் என்று சொல்லாமல் காத்திருந்து எடுப்பது அவர் வழக்கம். கேட்கும்போது நமக்குப் பிரமிப்பாக இருக்கிறது. நம் சட்டைப்பையில் இருக்கும் போன், வெளிச்சம் குறைந்த இடத்தில் அந்த லைக்காவைவிட நன்றாகவே எடுக்கும். நமக்கு வராதது அந்தக் காத்திருப்பு. நம் அப்பா பேப்பர் படிப்பதை ஐந்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க நம்மால் முடிவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பொங்கல் பானையை நான்கு கோணத்தில் எடுக்கிறோம், ஊதி ஊதிக் கண் கலங்கியிருப்பவளை விட்டுவிடுகிறோம். எடுத்ததையும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சுருக்கி, போனை மாற்றும்போது மூலத்தைத் தொலைத்து, அந்தச் சுருங்கியதே மிச்சம் என்று நிற்கிறோம்.

இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பழைய வீட்டுப் பரணில், தையல் மெஷின் டிராயரில், எல்ஐசி பத்திரங்களோடு ஒரு நெகட்டிவ் கவர் கிடக்கலாம். பிரிண்ட் போடாமல் கழித்தவையும் அதில் இருக்கும். ஒரு போனில் திரையை வெறும் வெள்ளையாக்கி, தூசு படாமல் ஃபிலிமைச் சற்று மேலே பிடித்து, இன்னொரு போனால் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் போதும், ஓரளவு முகம் தெரியும். நன்றாக வேண்டுமென்றால் ஸ்கேன் செய்து தர இன்றும் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. கவரைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எடுத்ததைப் பெரியவர்கள் யாராவது இருக்கும்போதே உட்காரவைத்துக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்வதைப் போனில் பதிந்துகொண்டால் பெயரும் கிடைக்கும், குரலும் கிடைக்கும். அந்த அடுப்படிப் படம் வந்ததும் "அய்யய்யோ, தலைகூட வாரல, இத மொதல்ல அழிடா" என்று ஒரு சத்தம் வரும். யாருக்கும் அனுப்பமாட்டோம், குரூப்பில் போடமாட்டோம் என்று சத்தியம் செய்து, கெஞ்சிக் கூத்தாடியாவது அதை வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கலாம்.