மூப்பு என்று எழுதிய ஏடுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் விடியுமுன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறிப் போகின்றன. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தூக்குவாளியைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கும் மூதாட்டிகள் நம் தெருக்களில் உண்டு. தோட்ட வேலையை விட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். பெற்ற மகனின் பெயர் நாவில் வராது. கங்காணியின் பெயர் மட்டும் பிசகாமல் வரும். ‘வயசாயிருச்சு, நெனப்பு தப்பிருச்சு’ என்று வீட்டார் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார்கள். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது, பொறுமை இருக்கிறது. இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்ற முடிவும் இருக்கிறது. அவர் கண்ணை மூடிய பிறகு ஏட்டில் ஏறுவதும் பெரும்பாலும் அதே முடிவுதான்: மூப்பு.

ஏட்டில் எழுதுகிறவர் தம் காலத்துக்குத் தெரிந்த சொல்லைத்தான் எழுத முடியும். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருடப் பஞ்சத்தில் மதுரைச் சீமை மடிந்தபோது, சாவைக் கணக்கெழுதியவர்களின் கையில் இருந்த தலைப்புகள் சிலவே: வாந்திபேதி, வைசூரி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. பசியால் செத்தவரும் பெரும்பாலும் இவற்றுள் ஏதோ ஒன்றுக்குள்தான் அடங்கினார். அந்தப் பஞ்சத்தின் வடு ஆறாதிருந்த காலத்தில்தான் பொறியாளர் பென்னிகுவிக்கின் அணை எழுந்தது. 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி வந்து, வானம் பார்த்த நிலத்தை இருபோக வயலாக்கியது. பிறகு வைசூரி ஒழிந்தது, வாந்திபேதி அடங்கியது, மனிதர் முதுமை காணும்வரை வாழத் தொடங்கினர். முன்னோர் போராடிப் பெற்றுத் தந்த அந்த நீண்ட ஆயுளுக்கு ஏட்டில் கிடைத்த தலைப்பு மூப்பு. 1960களில் தொடங்கிய கிராமப்புற இறப்புக் காரணக் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது அந்தச் சொல்தான்.

நோயை மூப்பென்று கடந்துபோகும் இந்தக் கண்மறைவு நமக்கு மட்டும் உரியதன்று. 1901இல் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனைக்கு ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண் அழைத்து வரப்பட்டபோது அவருக்கு வயது 51. தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் தடுமாறி நின்றார். அவர் இறந்த பின் மூளையில் கண்டதை, அங்கே அவரைக் கவனித்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் முன் விவரித்தார். 1910இல் மனநல மருத்துவர் கிரெப்பலின் தம் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். ஆனால் அந்தப் பெயர் நடுவயதில் நினைவிழந்தவர்களுக்கே உரியதாயிற்று. அதே தடுமாற்றம் எழுபது வயதில் வந்தால் அங்கும் அது மூப்புதான். இரண்டும் ஒரே நோய் என்று நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு தலையங்கத்தில் வாதிட்டது 1976இல். இடைப்பட்ட 66 ஆண்டுகளில் உலகெங்கும் எத்தனையோ முதியவர்கள் தம் நோயின் பெயரை அறியாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

நோய்களை எண்களாக்கும் முயற்சியும் இதே போல மெல்லத்தான் நடந்தது. 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் பெர்ட்டில்லான் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியல் கைமாறிக் கைமாறி வளர்ந்தது. 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைத் திருத்திக் காத்து வருகிறது. அதன் பத்தாம் திருத்தத்தில் அல்சைமர் நோயின் குறியீடு ஜி30. அறுபத்தைந்து வயதுக்கு முன் தொடங்கினால் ஜி30.0, அதற்குப் பின் என்றால் ஜி30.1, அந்தப் பழைய பிரிவினை ஒரு தழும்பாக இன்னும் தெரிகிறது. நோய் நரம்பு அத்தியாயத்திலும், அதனால் வரும் நினைவிழப்பு எஃப்00 என்று மன அத்தியாயத்திலும் வைக்கப்பட்டன. 2022இல் நடப்புக்கு வந்த பதினொன்றாம் திருத்தமும் 8ஏ20, 6டி80 என்று இரண்டு இடங்களையே வைத்திருக்கிறது. மூப்புக்கும் பத்தாம் திருத்தத்தில் ஓர் எண் உண்டு: ஆர்54. அது தெளிவில்லாத காரணங்களின் அத்தியாயத்தில் கிடக்கிறது. நம் பாட்டன் பாட்டிமாரில் பலரும் அங்கேதான் கிடக்கிறார்கள்.

அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இறப்பு ஏடுகளைப் புரட்டி இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. நாட்டில் பதிவாகும் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கே மருத்துவர் காரணம் எழுதித் தருகிறார்; மற்றவர்களில் பலர் வீட்டுத் திண்ணையில், சொல்லப்படாத காரணத்தோடு போகிறார்கள். மருத்துவமனையில் எழுதப்படும் இறப்புக் காரணச் சான்றான படிவம் 4இலும் வழுக்கும் இடம் உண்டு. நினைவிழந்தவர் விழுங்கவும் மறந்து, உணவு மூச்சுக்குழாயில் இறங்கி, நிமோனியாவில் இறக்கிறார். முதல் வரியில் நிமோனியா எழுதப்படும். அதற்குக் கீழே, எல்லாவற்றுக்கும் மூலமான நோயை எழுத வேண்டிய வரி இருக்கிறது. அது வெறுமையாக விடப்பட்டால், குறியீடு இடுபவர் நிமோனியாவின் எண்ணையே இடுவார். பத்தாண்டு மறதி ஒரு வாரக் காய்ச்சலாகிவிடும். பஞ்சத்தின் பசி காய்ச்சலுக்குள் மறைந்தது போலத்தான் இதுவும். ஏட்டில் இல்லாத நோய்க்கு மாத்திரை ஒதுக்குவோர் இல்லை. பராமரிக்கும் மருமகளின் தூக்கமில்லா இரவுகளைக் கேட்பாரும் இல்லை.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. இறப்புக் காரணச் சான்றின் ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம். பதிவாளர் ஏட்டில் மட்டும் இருந்த சொல் இனி வாரிசின் கைக்கும் வருகிறது. வயலும் வீடும் நம் பெயருக்கு மாறும் நாளில் அந்தத் தாளையும் ஒருமுறை விரித்து, கடைசி வரியைப் படிப்போம். அம்மா எதனால் நம்மை மறந்தாள் என்பது அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். தூக்குவாளியோடு வாசலில் நின்ற அந்த விடியல்களை எந்த எண்ணும் தாங்காது. அவற்றை நினைத்திருப்பது நம் வேலை. அவள் நோயைப் பெயர் சொல்லி எழுதிவைப்பது ஏட்டின் வேலை.