பச்சோந்திக்குப் பூச்சி போட்டா மட்டும் போதுமா சாமி?

கட்சி மாறினவரைப் "பச்சோந்தி"ன்னு திட்டிப் பதிவு போடறது நம்ம ஆளுங்களுக்குக் கைவந்த கலை. இந்தப் பதிவு அந்தப் பச்சோந்தியைப் பத்தி இல்லைங்க. நாலு காலும் நீள நாக்கும் இருக்கற நிஜப் பச்சோந்தியைப் பத்தி. அதைக் கூண்டுல வெச்சுப் பட்டினி போட்டே கொல்றவங்களைப் பத்தி. பட்டினின்னா வயிறு காயற பட்டினி இல்லை. தினமும் வயிறு நெறையப் பூச்சி தின்னுகிட்டே எலும்பு கரைஞ்சு சாகற பட்டினி.

வெளிநாட்டுப் பச்சோந்தி வளர்க்கற ஆசை திருப்பூருக்கும் வந்தாச்சு. பெரும்பாலும் ஏமன், சவுதி பக்கத்து ஜாதி. தலையில கொண்டை வெச்ச மாதிரி இருக்கும், 'வெயில்டு கேமிலியன்'னு சொல்லுவாங்க. பனியன் கம்பெனியில செக்கிங் பார்க்கற நம்ம நண்பர் ஒருத்தர் குட்டியா ஒண்ணு வாங்கினார். வித்தவர் சொன்ன ஆலோசனை மொத்தமே ஒரு வரிதான்: "தினம் நாலு புழு போடுங்க, மெயிண்டனன்ஸே கிடையாது." அஞ்சாவது மாசம் முன்னங்கால் வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. குச்சியைப் பிடிக்க முடியலை. நாக்கை நீட்டினா பாதி தூரம் கூடப் போகலை. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா எலும்பு இருக்க வேண்டிய இடத்துல வெறும் நிழல். பத்தே நாள், கதை முடிஞ்சுது.

வித்தவர் இப்பவும் அதே ஒரு வரியைத்தான் சொல்லிகிட்டு இருக்கார். என் கோவம் அந்த ஒரு வரி மேலதான்.

விஷயம் ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. கிரிக்கெட் பூச்சி (சுவர்க்கோழி), மீல்வோர்ம் புழு ரெண்டுலயுமே கால்சியம் ரொம்பக் கம்மி, பாஸ்பரஸ் அதைவிடப் பல மடங்கு ஜாஸ்தி. பச்சோந்தி உடம்புக்கு வேண்டியது இதுக்கு நேர் தலைகீழ்: பாஸ்பரஸ் ஒரு பங்குன்னா கால்சியம் ரெண்டு பங்கு. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா உடம்பு சும்மா இருக்காது, எலும்புல இருந்து உருவி எடுத்துக்கும். தசை வேலை செய்யக் கால்சியம் வேணும், நாக்கும் தசைதானே? அதனாலதான் நாக்கு சரியா நீளலைன்னா அதை முன்னெச்சரிக்கையா எடுத்துக்கணும். "சோம்பேறி ஆயிருச்சு"ன்னு சிரிச்சுகிட்டு இருக்கக் கூடாது.

இதைத் திருப்பூர் மாவட்டத்துக்காரனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கேங்கறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். பல்லடம் பக்கம் போய்ப் பாருங்க. நாப்பது நாள்ல கறிக்கடைக்குப் போற பிராய்லர் கோழிக்கு முதல் வாரம் ஒரு தீவனம், அப்பறம் ஒண்ணு, கடைசியில ஒண்ணு. அதுல சுண்ணாம்பு எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவுன்னு கணக்கு. குஞ்சு கால் வளைஞ்சா பண்ணைக்காரருக்குத் தூக்கம் வராது. உடுமலை பக்கம் போங்க. பட்டுப்புழுவுக்குப் போடற மல்பெரி இலை வாடியிருந்தா கூடு எடை குறையும்னு அங்க சின்னப் பையன் கூடச் சொல்லுவான். நாப்பது நாள் கோழிக்கும் ஒரு மாசப் புழுவுக்கும் இத்தனை கணக்கு போடற ஊர்ல, நல்லா பார்த்துகிட்டா அஞ்சு வருஷத்துக்கு மேல வாழக்கூடிய ஒரு ஜீவனுக்கு "நாலு புழு போடுங்க"வா?

அந்த உடுமலை விவசாயிக்குத் தெரிஞ்ச விஷயம்தான் பச்சோந்தி வளர்ப்போட முதல் பாடம். நீங்க பச்சோந்திக்குத் தீனி போடலை, பூச்சிக்குத் தீனி போடறீங்க. கடையில வாங்கின கிரிக்கெட் பூச்சி டப்பாவுல ரெண்டு நாள் பட்டினி கிடந்திருந்தா அது வெறும் கூடு. அதைக் கொண்டுவந்து ஒரு நாளாவது முருங்கைக்கீரை, கேரட், பூசணின்னு நல்லா தின்ன வெச்சு, அப்பறம் பச்சோந்திக்குப் போடணும். நூல் மட்டமா இருந்தா அயர்ன் பண்ணி மறைக்க முடியுமா? அதே கணக்குதான்.

ரெண்டாவது பாடம், பவுடர். பாஸ்பரஸும் டி3-யும் கலக்காத வெறும் கால்சியம் பவுடரைப் பூச்சி மேல லேசாத் தூவிக் குடுக்கணும். குட்டின்னா தினமும் தீனி, வளர்ந்ததுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். டி3 கலந்த கால்சியம் மாசத்துக்கு ரெண்டு தடவை, வைட்டமின் ஏ இருக்கற மல்டிவைட்டமின் மாசத்துக்கு ரெண்டு தடவை. அனுபவசாலிங்க பரவலாக் கடைப்பிடிக்கற முறை இது. பூச்சியோட அளவு பச்சோந்தியோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கற இடைவெளியைத் தாண்டக் கூடாது.

இங்க ஒரு அறிவாளி கையைத் தூக்குவார். "காட்டுல எவன் பவுடர் தூவறான்? அங்க நல்லாத்தானே இருக்கு?"

நல்ல கேள்விங்க. காட்டுல அது நாலு டப்பாப் புழுவைத் தின்னுகிட்டு இருக்கலை. ஈ, வெட்டுக்கிளி, தேனீ, வண்டு, கம்பளிப்புழுன்னு கிடைச்சதை எல்லாம் தின்னும். அந்தப் பூச்சிங்க நூறு செடியைத் தின்னிருக்கும். இதுக்கும் மேல, பகல் பூரா நிஜ வெயில். வெயில்ல இருக்கற யுவிபி கதிர் தோல்ல பட்டு டி3 உருவானாத்தான் தின்ன கால்சியம் உடம்புல சேரும். அமெரிக்காவுல டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்து ஃபெர்குசன் குழு பேந்தர் பச்சோந்திகளை வெச்சுப் பண்ணின ஆய்வு 2009-ல வெளியாச்சு. உணவுல டி3 குறைவாக் கிடைச்ச பச்சோந்தி தானாவே யுவிபி வெளிச்சத்துல அதிக நேரம் நின்னுது, நிறையக் கிடைச்சது குறைச்சுகிச்சு. தனக்கு எவ்வளவு வெயில் வேணும்னு அதுக்குத் தெரியுது. வெயிலுக்கும் நிழலுக்கும் போக வழியில்லாம கூண்டுல அடைச்சது யாரு? நீங்கதானே? காட்டுல இருக்கறதை எல்லாம் பிடுங்கிட்டு, காட்டை உதாரணம் காட்டினா எப்படி?

"ஜன்னல் ஓரமாத்தான் வெச்சிருக்கேன்"னு சொல்றவங்களுக்கு: சாதாரணக் கண்ணாடி யுவிபியை உள்ள விடாது. வெளிச்சம் வரும், சத்து வராது. யுவிபி டியூப் லைட் போடணும். அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும், பளிச்சுன்னு எரிஞ்சுகிட்டே இருந்தாலும் யுவிபி குறைஞ்சுகிட்டே வரும். வெளியே வெயில்ல வெச்சா பாதிக் கூண்டுக்கு நிழல் கட்டாயம். சித்திரை வெயில்ல மொட்டை மாடியில வெச்சா வைட்டமின் வராது, எமன்தான் வருவான்.

எதிர்ப்பக்கத்துல இன்னொரு கோஷ்டி இருக்கு. சத்துன்னா அள்ளிக் கொட்டற கோஷ்டி. மெடிக்கல்ல அம்மாவுக்கு வாங்கின கால்சியம் மாத்திரையை இடிச்சுத் தினமும் தூவறது. ஐயா, அந்த மாத்திரையில பெரும்பாலும் டி3 சேர்ந்தே இருக்கும். டி3 உடம்புல தங்கற சரக்கு. அளவு மீறினா எலும்புல சேர வேண்டிய கால்சியம் சிறுநீரகத்துலயும் ரத்தக்குழாய்லயும் படியும். மாட்டுக்கு ஊத்தற கால்சியம் டானிக்கும் வேண்டாம், அதுல பாஸ்பரஸும் கலந்திருக்கும். வைட்டமின் ஏ-யும் இப்படித்தான், குறைஞ்சா கண்ணு வீங்கும், கூடினா நஞ்சு. தீனியும் அப்படித்தான். ஏமன் ஜாதிப் பெட்டை ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். அதுக்குப் பாசத்துல அள்ளிப் போட்டா முட்டை எண்ணிக்கை கூடி, வெளியே வராம சிக்கிச் சாகற வரைக்கும் போகும்.

தண்ணியைக் கிண்ணத்துல வெச்சுட்டுக் "குடிக்கவே மாட்டேங்குது"ன்னு புலம்பாதீங்க. பச்சோந்திக்குப் பொதுவா தேங்கின தண்ணி கண்ணுலயே படாது. இலையில சொட்டற துளியைத்தான் நக்கும். காலையிலயும் சாயங்காலமும் இலை மேல தண்ணி தெளிக்கணும்.

இவ்வளவு எழுதினா "அப்ப நம்ம ஊர்ப் பச்சோந்தியைப் பிடிச்சு வளர்த்துக்கறேன், இந்த வெயில் அதுக்குப் பழக்கம்தானே"ன்னு யாராவது கிளம்புவீங்க. கிளம்பாதீங்க! காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டுக் கிளுவை வேலியில ஆடி ஆடி நடக்குமே, அது இந்தியப் பச்சோந்தி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. பிடிக்கறதும் வளர்க்கறதும் விக்கறதும் குற்றம். விஷம்னு பயந்து கல்லால அடிக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை: அதுகிட்ட விஷமே கிடையாது, ஓடக்கானைவிட சாது. வெளிநாட்டு ஜாதியும் இஷ்டத்துக்கு வாங்கி வைக்கற சமாச்சாரம் இல்லை. 2022-ல சட்டம் திருத்தி, 2024 பிப்ரவரியில விதிகளும் வந்தாச்சு. சைட்ஸ் பட்டியல்ல இருக்கற உயிரை வெச்சிருந்தா பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். வித்தவர் காகிதம் தர மறுத்தா அங்கேயே திரும்பி நடங்க.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். பூச்சிக்குத் தீனி, அளவான பவுடர், யுவிபி, இலையில தண்ணி. இந்த நாலையும் வருஷக் கணக்குல விடாம செய்ய முடியும்னா வளர்க்கறதைப் பத்தி யோசிங்க. ஒண்ணு முடியாதுன்னாலும் வேண்டாம். "மெயிண்டனன்ஸே இல்லாத" உயிர்னு ஒண்ணு இல்லவே இல்லை. வேணும்னா ஒரு பொம்மை வாங்கிக்கங்க, அதுக்கு எலும்பு கிடையாது.

டிஸ்கி: ஏற்கெனவே வளர்க்கறவங்க பச்சோந்தியோட கால் வளைஞ்சாலோ, நாக்கு நீளலைன்னாலோ இங்க பின்னூட்டத்துல மருந்து கேக்காதீங்க. இன்னிக்கே ஊர்வன பார்க்கத் தெரிஞ்ச கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. கும்மி அடிக்க வர்றவங்க நாளைக்கு வரலாம், கடை திறந்தேதான் இருக்கும்.