வெல்லம் போதுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சன்னல்களைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பிகளில் பஞ்சுத் தூசி படிந்து தொங்கும். அதே தூசி உள்ளே இருப்பவர்களின் மூச்சிலும் போகிறது. "கொஞ்சம் வெல்லம் தின்றால் வயிற்றோடு போய்விடும்" என்பார்கள். வெல்லம் இறங்குவது உணவுக்குழலில். தூசி போவதோ மூச்சுக்குழலில்!

தூசியை வெளியேற்றுவது சளிதான். முகம் சுளிக்காதீர்கள். அதில் நூற்றுக்கு 97 பங்கு தண்ணீர். மீதியில் முக்கியமானது மியூசின் என்னும் புரதம். அதற்கான மக்-5ஏசி, மக்-5பி என்ற இரு ஜீன்களும் நம் 11-ஆவது குரோமோசோமில் உள்ளன. உட்சுவர்ச் செல்கள் சுரக்கும் மியூசின் தண்ணீரை ஏற்றுக் கூழாகிறது. அதில் ஒட்டிய தூசியை நுண்ணிய மயிரிழைகள் விநாடிக்கு 10, 15 முறை அசைந்து தொண்டைக்குத் தள்ள, நாம் விழுங்கிவிடுகிறோம். (பாகுத்தன்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பௌதிக வகுப்பில் இல்லை.)

பஞ்சுத் தூசியோடு பாக்டீரியா நச்சும் வருகிறது. அது ஆண்டுக்கணக்கில் உறுத்தினால் மக்-5ஏசி ஜீன் ஓயாமல் வேலை செய்கிறது. ஜீன் மாறுவதில்லை, உற்பத்திதான் கூடுகிறது. சளி கெட்டியாகி மயிரிழைகள் திணறுகின்றன. அந்த நச்சு மூச்சுக்குழல்களைச் சுருக்கவும் செய்யும். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும் 'பிசினோசிஸ்' என்ற நூற்பாலை நோயை நம் நாட்டுச் சட்டமே தொழில்நோயாக ஏற்றிருக்கிறது.

தூசியை இயந்திரத்தின் அருகிலேயே உறிஞ்சி எடுப்பது முதலாளியின் பொறுப்பு என்பதே என் கருத்து. முகமூடியெல்லாம் அதற்கு அடுத்ததுதான். உங்கள் வீட்டில் யாரேனும் மில்லுக்குப் போகிறார்களா? திங்கட்கிழமை மாலை மூச்சு எப்படி இருந்தது என்று கேளுங்கள். இறுக்கம் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செய்யும் வேலை என்ன என்பதையும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.