ஆன்லைன் பாடத்துக்கு கிரெடிட் உண்டு. கூட உட்கார ஆள் உண்டா?

பொட்டிபுரம் என்றதும் நியூட்ரினோ ஆய்வகம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்ததும், ஊர்மக்கள் எதிர்த்ததும், வழக்குகளும், 2022-ல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்ததும் செய்தியாக வந்தவை. ஆனால் அந்த ஊரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் போடிக்கும் தேனிக்கும் பஸ் ஏறி கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பற்றிச் செய்தி வருவது குறைவு. அவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அம்மா விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போயிருப்பார்.

அந்தப் பிள்ளைகளைத் தொடும் ஒரு விதி சத்தமில்லாமல் மாறியிருக்கிறது. ஒரு செமஸ்டரில் படிக்கும் பாடங்களில் 20 சதவீதம் வரை 'ஸ்வயம்' தளத்தில் ஆன்லைனில் படித்து, அதற்கான கிரெடிட்டைக் கல்லூரிப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யுஜிசி 2016-ல் சொன்னது. 2021-ல் அந்த வரம்பு 40 சதவீதமாக உயர்ந்தது. அதாவது ஐந்து பாடம் என்றால் இரண்டு பாடத்துக்கு வகுப்பறை வாத்தியார் இல்லாமலே போகலாம்.

இது நல்லதா, கெட்டதா?

நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு. சிறிய ஊர்க் கல்லூரியில் எல்லாப் பாடத்துக்கும் ஆள் கிடையாது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய 'என்பிடெல்' வந்த பிறகு, சென்னை ஐஐடி பேராசிரியரின் வகுப்பை போடியில் உட்கார்ந்து கேட்க முடிகிறது. பாடம் படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

சிக்கல் வீடியோ முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. "பார்த்தாச்சு, ஆனா புரியல. யார்கிட்ட கேக்குறது?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில்தான் ஆன்லைன் கல்வி தோற்கிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்தநிலைப் பாடங்களின் கணக்கை 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 2017-18-ல் சேர்ந்தவர்களில் கடைசிவரை முடித்தவர்கள் 100-க்கு சுமார் 3 பேர். பணம் கட்டிச் சேர்ந்தவர்களிலேயே பாதிப் பேருக்கும் கீழேதான் முடித்திருந்தார்கள். பாடம் மோசம் என்று யாரும் சொல்லிவிட முடியாத இடங்கள் அவை.

கூட ஆள் இருந்தால் என்ன மாறும் என்பதற்குப் போடியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்பைசஸ் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் 2007-ல் கூவும் முறையிலிருந்து மின்னணு முறைக்கு மாறியது. விலையைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள். ஆனாலும் வியாபாரிகள் ஒரே கூடத்தில்தான் உட்காருகிறார்கள். மாதிரிக் காய் கைக்கு வருகிறது, அமுக்கிப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள். 2021-ல் போடியையும் கேரளத்தின் புற்றடியையும் இணையத்தில் இணைத்தபோதும் இரண்டு ஊரிலும் கூடம் இருந்தது. கூடத்தை இழுத்து மூடிவிட்டு, எல்லாரும் வீட்டிலிருந்தே ஏலக்காய் வாங்குங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மாணவர்களிடம் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பிலும் இதை உணர்ந்திருக்கிறார்கள். அங்கே மாணவர்களை நீலகிரி, பிச்சாவரம், வயநாடு என்று காடுகளின் பெயரில் 'ஹவுஸ்'களாகப் பிரித்திருக்கிறார்கள். முகம் பார்க்காதவர்களுக்குள் ஒரு வகுப்புத் தோழமை வரட்டும் என்பதற்காகத்தான்.

போடியில் என்ன செய்யலாம்? பெரிய செலவே வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த எரிக் மசூர் 1991-ல் விரிவுரையை நிறுத்தி நிறுத்தி ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினார். மாணவர்கள் முதலில் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வேண்டும், திரும்பவும் பதில் சொல்ல வேண்டும். நன்றாகப் புரிந்தவன் புரியாதவனுக்குத் தன் பேச்சுமொழியில் சொல்லும்போது வாத்தியார் சொன்னதைவிடச் சீக்கிரம் விளங்கிவிடுகிறது. கல்லூரி ஆய்வகத்தில் வாரம் இரண்டு மணி நேரம், என்பிடெல் வீடியோவை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இதையே செய்யலாம். அந்தப் பாடத்தில் கரைகண்ட ஆசிரியர்தான் வேண்டும் என்றில்லை. கேள்வி கேட்டுக் கூட உட்காரத் தயாரான ஒருவர் போதும். வீட்டில் டவர் எடுக்காத, ஒரே போனை மூன்று பேர் பங்கு போடுகிற பிள்ளைக்கு அந்த ஆய்வகம்தான் வகுப்பு.

இது யாரோ தயவு பண்ணித் தர வேண்டிய விஷயமும் அல்ல. 2016-ல் வந்த யுஜிசி விதியிலேயே, மாணவருக்குப் படிப்பு முழுக்க வழிகாட்ட ஓர் ஒருங்கிணைப்பாளரை அவரது கல்லூரி நியமிக்க வேண்டும், கம்ப்யூட்டர், ஆய்வகம், நூலக வசதிகளை இலவசமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. 20, 40 என்ற எண்ணைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். இந்த வரியைப் படித்தவர்கள் குறைவு. ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் சமாளிக்க ஆன்லைன் பாடத்தைக் காட்டும் கல்லூரி, விதியின் ஒரு பாதியை மட்டும்தான் பின்பற்றுகிறது.

மொழி இன்னொரு தடை. தமிழ் வழியில் பிளஸ் 2 முடித்தவருக்கு ஆங்கில விரிவுரை முதல் வாரத்திலேயே கண்ணைக் கட்டிவிடும். என்பிடெல் சில பாடங்களைத் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறது. உங்கள் பாடம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சேர நினைப்பவர்களுக்குக் கணக்கு இதுதான். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. வாராந்திரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், எனவே ஓரிரு வாரம் மலையில் நெட் கிடைக்காமல் போனாலும் விட்டுவிடாதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குத் தேர்வுக் கட்டணத்தில் சலுகை உண்டு. சேர்க்கை ஜூலை, ஜனவரி செமஸ்டர்களை ஒட்டி நடக்கும். தேர்வு எழுதும் ஊரைப் பதிவின்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். போவதற்கு பஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். உங்கள் பாடத்துக்கு ஒருங்கிணைப்பாளர் யார் என்று அதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.